ஜெர்மன் பேசக் கொழும்புக்குப் போனோம்

நான் போக வேண்டியது ஜெர்மனிக்கு. போனது கொழும்புக்கு. இதைச் சொன்னால் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே இருக்கும் எங்கள் சேக்காட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆகவே ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. ஒரு வருஷம் தொண்டராக வேலை செய்ய என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வருஷம் முடிந்தால் அங்கேயே நர்ஸ் படிப்பில் சேரலாம். பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பி-ஒன் என்கிற ஜெர்மன் தேர்வில் தேறிய சான்றிதழ். அதில் நான்கு பகுதிகள். படித்துப் புரிந்துகொள்வது, கேட்டுப் புரிந்துகொள்வது, எழுதுவது, பேசுவது. முதல் மூன்றிலும் தேறிவிட்டேன். பேசுவதில் கோட்டை விட்டேன்.

கோட்டை விட்ட கதை பூந்தமல்லியில் தொடங்குகிறது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடை, அதன் மாடியில் எங்கள் ஜெர்மன் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பாக்கிங் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து, வகுப்பு பாதி முடிந்தபின் போய் உட்காருவேன். பதினான்கு பேர். பாதிப் பேர் நர்ஸ்கள், மீதிப் பேர் இன்ஜினியர்கள், நடுவில் நான். கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

மாஸ்டர் நல்ல மனுஷர். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, சேர்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிடச் சொல்வார்கள். பிறந்தநாள் விழா, சுற்றுலா, இப்படி ஏதாவது. மாஸ்டர் அறுபது தலைப்புகளுக்கு உரையாடல் எழுதி நகலெடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் முதல் ஆள், இரண்டாம் ஆள். முதல் ஆள் யோசனை சொல்வார். இரண்டாம் ஆள் "நல்ல யோசனை, அப்படியே செய்வோம்" என்பார். எனக்கு ஜோடி பிரியா என்கிற நர்ஸ். அவள் சீக்கிரம் வருவாள், அதனால் அவள் முதல் ஆள். நான் தாமதமாக வருவேன், அதனால் இரண்டாம் ஆள். எட்டு மாதம் அறுபது தலைப்புகளிலும் பிரியா சொன்னதற்கெல்லாம் ஒப்புக்கொண்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

சென்னைத் தேர்வில் என் எதிரே உட்கார்ந்தவர் கோயம்புத்தூர்க்காரர். நோயாளி நண்பரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போவதைப் பற்றித் திட்டமிட வேண்டும். அவர் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். நான் தொடங்குவேன் என்று அவர் காத்திருந்தார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கடைசியில் அவர், "நல்ல யோசனை" என்றார். நான், "ஆமாம், அப்படியே செய்வோம்" என்றேன். தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எந்த யோசனை?" என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அந்த மனிதரும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கடை மாடியில் இரண்டாம் ஆளாகவே வளர்ந்தவர் என்று அப்புறம்தான் புரிந்தது. நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று எடுத்தேன்.

மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. சென்னையில் தேர்வு எழுத இடமே இல்லை. கொழும்பில் ஒரே ஓர் இடம் இருந்தது.

"சென்னைல வாயத் தொறக்காதவ கொழும்புல தொறந்துருவியா?" என்றாள் அம்மா. அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார். "போவட்டும் வுடு" என்றார்.

"தனியாலாம் அனுப்ப மாட்டேன். நானும் கூட வர்றேன்."

"அப்ப ஜெர்மனிக்கும் கூட வருவியாம்மா?"

"அத்த அப்பால பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன் தேவி. இந்த வாட்டியும் பேசலைன்னா இத்தோட வுட்று. பாசை தெரியாத ஊர்ல போய் பசிக்குதுன்னு சொல்லக்கூட தெரியாம நிக்கிறதுக்கு உன்ன நான் பெக்கல."

அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னை அறுத்தது.

புதன்கிழமை கிளம்பினோம். அம்மாவுக்கும் எனக்கும் அதுதான் முதல் விமானம். பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் பையைத் திறந்தார்கள். உள்ளே புளிசாதம் ஒரு தூக்கு, எலுமிச்சை சாதம் ஒரு தூக்கு, இட்லிப்பொடி, மோர்மிளகாய், அதோடு இரண்டு முழுத் தேங்காய். "இலங்கைக்குத் தேங்காயா?" என்று அதிகாரி கேட்டார். "அங்க எப்பிடி கீதோ, யாரு கண்டா?" என்றாள் அம்மா. தேங்காய் இரண்டும் சென்னையிலேயே தங்கிவிட்டன.

விமானத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து பாரிமுனை போக இதைவிட நேரமாகும். அம்மாவுக்கு ஏமாற்றம். "இவ்ளோதானா வெளிநாடு?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

ஏமாற்றம் வெள்ளவத்தையில் இன்னும் அதிகமாயிற்று. நாங்கள் தங்க இடம் பிடித்திருந்த பகுதி அது. புடவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, எல்லாவற்றிலும் தமிழ்ப் பலகை. "இன்னாடீ, எல்லாம் தமிழ்ல எழுதிகீது. பட்டாபிராமுக்கு வந்த மாதிரி கீது" என்றாள். பட்டாபிராமில் தெருமுனையில் கடல் கிடையாது என்று நான் சொன்னதும்தான் திரும்பிப் பார்த்தாள். சந்தின் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே நாலு பாறைகள்தான். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தண்டவாளம்வரை நடந்துபோய் அலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கார வசந்தா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வந்தவுடன் பால் இல்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீயும், இடியப்பமும், தேங்காய்ப்பாலில் மஞ்சளாகச் சொதியும், தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டார். "வடிவாச் சாப்பிடுங்கோ. என்ன விஷயமா வந்தனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஜெர்மன் பாஷையோ? எங்கட தம்பி முப்பது வருஷமா அங்கதான் இருக்கிறான். போகேக்க ஒரு சொல்லும் தெரியாது. இப்ப கனவும் ஜெர்மனிலதான் வருதாம், பெண்சாதி சொல்லிச் சிரிக்கிறா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேங்கா நல்லாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை தேர்வு மையம் எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினோம். காலி வீதி என்கிற பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். ஆவடி செக்போஸ்ட்டில் சாலையைக் கடப்பதுபோல அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடுவதற்குத் தயாராக, நடப்பவர்கள் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஒரு காலை வைத்தாள். வந்துகொண்டிருந்த பஸ் நின்றது. பின்னால் வந்த கார் நின்றது. ஆட்டோவும் நின்றது. அம்மா யாருக்காக நிற்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்களைத் தவிர யாரும் இல்லை.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், "இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். மறுபடியும் எல்லா வண்டிகளும் நின்றன. மறுபடி அந்தப் பக்கம். மூன்றாவது தடவை நின்ற ஒரு பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அம்மா மகாராணி மாதிரி தலையை அசைத்துவிட்டு நடந்தாள். "ஜெர்மனிலயும் இப்பிடி நிப்பாங்களாடீ?" என்று கேட்டாள். நிற்பார்கள் என்று பாடத்தில் படித்திருந்தேன். "அப்ப பரவால்ல" என்றாள். மூன்று மாதமாக நான் காட்டிய புத்தகங்களும் காணொளிகளும் செய்யாத வேலையை ஒரு பஸ் டிரைவர் செய்துவிட்டார்.

தேர்வு மையம் கொள்ளுப்பிட்டி ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே இருந்தது. மரங்கள் கவிந்த தெரு. நான் கட்டடத்தையும் காவலாளியையும் பார்த்துப் பயந்துகொண்டு நிற்க, அம்மா சுற்றுவட்டாரத்தை அலசினாள். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு குறுக்குச் சந்து, அதன் முனையில் சின்ன அம்மன் கோயில், எதிரே டீக்கடை. அம்மனுக்குக் கும்பிடு போட்டு, டீக்கடையில் மீன் அடைத்த பன் வாங்கித் தின்று, கடைக்காரரிடம் சைகையிலேயே அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை தெரிந்துகொண்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்கு இது பொறாமையாக இருந்தது. எட்டு மாதம் படித்து, மூன்று சான்றிதழ் வாங்கி, ஒரு கோயம்புத்தூர்க்காரரோடு என்னால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

சாயங்காலம் கடலோரத்தில் காலிமுகத்திடல் என்கிற மைதானத்தில் இறால் வடை சாப்பிட்டோம். வடை மேல் முழு இறாலை, மீசையோடு அப்படியே பதித்துப் பொரித்திருந்தார்கள். அம்மா மூன்று சாப்பிட்டாள். நான் பையிலிருந்து மாஸ்டரின் அறுபது தலைப்புகளை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். காற்றில் தாள்கள் படபடவென்று அடித்தன. ஒவ்வொரு தாளிலும் என் பங்கு பச்சை மையில் கோடிடப்பட்டிருந்தது. "நல்ல யோசனை." "எனக்கும் சம்மதம்." "அப்படியே செய்வோம்." அறுபது தாளிலும் நான் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும். கதவை மூடிய பிறகு வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. விடியற்காலையிலேயே வசந்தா அக்காவின் அடுப்பில் அம்மா புளிசாதமும் எலுமிச்சை சாதமும் புதிதாகக் கிளறித் தூக்குகளில் அடைத்துக்கொண்டாள். அக்கா ஆட்டோவில் போகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. ஆவடிக்காரர்களுக்கு ரயில் என்று ஒன்று இருந்தால் வேறு எதிலும் நம்பிக்கை வராது. "கடலப் பாத்துகினே போய்டலாம்" என்றாள்.

ரயில் வந்தது. ஆபீஸ் நேரம். கதவில் ஆட்கள் தொங்கினார்கள். வேறு யாராக இருந்தாலும் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். நாங்கள் சென்ட்ரல் லோக்கலில் ஏறிப் பழகியவர்கள். அம்மா தோளை முன்னால் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே இருந்தோம்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. எங்கள் ஊர் மின்சார ரயிலில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். ஏறிய பக்கமே நின்றால் இறங்க முடியாமல் போகும். ஆகவே ஏறியதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்ப்பக்கக் கதவுக்குப் போய்விடுவது எங்கள் பிறவிப் பழக்கம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கிளம்பினாள். போகிற வழியில் ஏறிய கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் நீல அட்டை போட்ட புத்தகம். என்னிடம் இருக்கும் அதே ஜெர்மன் புத்தகம்.

"இந்தப் பொண்ணும் உன்னோட பரீச்சைக்குத்தான் போவுது போல" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, "அங்க நிக்காத கண்ணு, எறங்க முடியாது, இந்தாண்ட வா" என்று அவளையும் இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கதவில் நிறுத்தினாள். அந்தப் பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அம்மா, "பரவால்ல, பரவால்ல" என்றாள்.

கொள்ளுப்பிட்டி வந்தது. பிளாட்பாரம் ஏறிய பக்கமே வந்தது. அந்தக் கடற்கரைப் பாதையில் எப்போதும் அந்தப் பக்கமேதான் வருமாம். எங்களுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு ஐம்பது பேர். அம்மா தள்ளிப் பார்த்தாள். ஏறுகிறவர்கள் அதைவிடப் பலமாகத் தள்ளினார்கள். ரயில் நகர்ந்தது. கொள்ளுப்பிட்டி என்ற பலகை மெதுவாக எங்களைத் தாண்டிப் போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை. கோபம் வந்தால் கையில் கிடைக்கிற மொழியில்தானே திட்ட முடியும்? அவள் ஜெர்மனில் திட்டினாள்.

"உன் அம்மா ஏன் இப்படிச் செய்தார்? நான் சரியான இடத்தில்தான் நின்றேன்! எனக்கு இன்றைக்குத் தேர்வு!"

"எனக்கும்தான் தேர்வு," என்றேன். ஜெர்மனில்தான். "மன்னித்துக்கொள். எங்கள் ஊரில் ரயில் வேறு மாதிரி."

"எந்த ஊர்? அங்கே ரயிலுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"இரண்டு பக்கமும்!"

அவள் முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள். அவள் பெயர் சந்துனி. பாணந்துறையிலிருந்து வருகிறாள். ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அவளுக்கும் போன தடவை பேச்சில்தான் சறுக்கியிருக்கிறது. இதையெல்லாம் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லிவிட்டாள். இதற்குள் அம்மா, "இன்னாடீ சொல்றா? என்னத்தான் திட்றாளா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா" என்றேன். "திட்டட்டும். தப்பு என்னுதுதான்" என்றாள் அம்மா. அதையும் ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை முன்கூட்டியே முண்டியடித்து வந்து, அடுத்த ஸ்டேஷனான கொம்பனித்தெருவில் குதித்தோம். மணி எட்டு முப்பத்தெட்டு.

"அடுத்த ரயிலில் திரும்பிப் போகலாம்," என்றாள் சந்துனி.

"நல்ல யோசனை" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எட்டு மாதப் பழக்கம். ஆனால் அது நல்ல யோசனை இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் ரயில் வருகிற அறிகுறியே தெரியவில்லை.

"வேண்டாம்," என்றேன். "ரயில் எப்போது வரும் என்று தெரியாது. ஆட்டோவில் போவோம்."

"இந்த நேரத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும். நடந்து போகலாம்."

"என் அம்மாவால் ஓட முடியாது. ஆட்டோவில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போவோம். அடைப்பு வந்தால் இறங்கி நாம் இரண்டு பேர் மட்டும் ஓடுவோம். அம்மா பின்னால் வருவார்."

"உன் அம்மா தொலைந்துபோனால்?"

"என் அம்மா தொலைய மாட்டார். பார்த்தாயே, மற்றவர்களைத்தான் தொலைப்பார்."

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் நான் மறுத்திருக்கிறேன், காரணம் சொல்லியிருக்கிறேன், யோசனை சொல்லியிருக்கிறேன், நக்கல்கூடச் செய்திருக்கிறேன். ஒரு வரிகூடப் பச்சை மையில் இல்லாதது.

பெரிய ரோட்டில் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் பஸ்கள், பின்னால் பஸ்கள். மணி எட்டு ஐம்பது. சந்துனி நகத்தைக் கடித்தாள். அம்மா மட்டும் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தாள். திடீரென்று, "அதோ டீக்கடை! அந்தச் சந்துல பூந்து போவச் சொல்லுடீ! அம்மன் கோயிலாண்ட!" என்று கத்தினாள். நான் அதை ஜெர்மனில் சந்துனியிடம் சொன்னேன். சந்துனி சிங்களத்தில் டிரைவரிடம் சொன்னாள். டிரைவர் சிங்களத்தில் அது ஒருவழிப் பாதை என்றார். சந்துனி அதை ஜெர்மனில் என்னிடம் சொன்னாள். நான் தமிழில் அம்மாவிடம் சொன்னேன். "நேத்து அந்தப் பக்கமாத்தான் வண்டி போச்சு, நான் பன்னு துன்னுகினே பாத்தேன்னு சொல்லு" என்றாள் அம்மா. பன் உட்பட எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். டிரைவர் எட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஹேண்டிலை ஒடித்தார்.

மூன்று பாஷை சுற்றி வந்த அந்தச் சொல் எங்களை மையத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கியபோது மணி எட்டு ஐம்பத்தாறு. காவலாளி கதவைச் சாத்துவதற்காகக் கையை வைத்திருந்தார். சந்துனியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அறையில் எனக்கு ஜோடி சந்துனி இல்லை. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இன்ஜினியர். எதிரே இரண்டு தேர்வாளர்கள், ஒரு ஜெர்மன் பெண்மணி, ஒரு இலங்கைக்காரர். தலைப்பு: ஓய்வுபெறும் ஆசிரியைக்கு வகுப்பு சார்பில் விடை விருந்து. இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். என் சம்மதத்துக்காக நிறுத்தினார்.

"வேண்டாம்," என்றேன். "ஓட்டலில் ஒரே சத்தம். அவருக்கு வயதாகிவிட்டது, நாம் சொல்வது காதில் விழாது. வகுப்பறையிலேயே வைத்துக்கொள்வோம்."

அவர் மிரண்டுபோனார். அவர் படித்து வந்த தாளில் இது இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "சாப்பாடு நீங்கள் கொண்டுவருகிறீர்களா, நானா?" என்று ஒரு கயிறு போட்டேன். பிடித்துக்கொண்டார். கேக் நான் கொண்டுவருகிறேன் என்றார். அலங்காரமும் நான், பாட்டும் நான் என்றார். "அப்படியானால் நான் எதற்கு வருகிறேன், வேடிக்கை பார்க்கவா?" என்று கேட்டேன். ஜெர்மன் பெண்மணி சிரிப்பை அடக்கக் குனிந்து ஏதோ எழுதினார். அதற்கப்புறம் அந்த மனிதர் தாளை மறந்துவிட்டு என்னோடு நிஜமாகவே சண்டை போட்டார். கடைசியில் கேக் அவர், பாட்டு நான் என்று முடிவாயிற்று.

அடுத்து தனியாகப் பேச வேண்டும். கொடுத்த இரண்டு தலைப்புகளில் பஸ்சும் ரயிலும் என்பதை எடுத்துக்கொண்டேன். மனப்பாடம் செய்தது என்னிடம் ஒன்று இருந்தது, சுற்றுச்சூழல், காற்று மாசு என்றெல்லாம். அதை விட்டுவிட்டு, காலையில் நடந்ததைச் சொன்னேன். ஆவடியில் எப்படி ஏறுவோம், அம்மா ஏன் எதிர்க்கதவுக்குப் போனாள், அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணை எப்படித் தன்னோடு தொலைத்தாள், எல்லாம். இலக்கணம் எங்கெங்கே முறிந்ததோ தெரியாது, கதை முறியவில்லை. "உங்கள் அம்மா இப்போது எங்கே?" என்று தேர்வாளர் கேட்டார். கேள்வித்தாளில் உள்ள கேள்வி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "வாசலில் இருக்கிறார். இந்நேரம் காவலாளிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பார்" என்றேன்.

வெளியே வந்தால் காவலாளி எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பேசினியா?" என்று மட்டும் கேட்டாள். "பேசினேன்மா. நிறுத்தச் சொல்றவரைக்கும் பேசினேன்." அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, பின்னால் வந்த சந்துனியின் கையிலும் ஒரு உருண்டை புளிசாதத்தை வைத்தாள். அவள் காரம் தாங்காமல் கண் கலங்கி, ஜெர்மனில் "அருமை" என்றாள். சனிக்கிழமை ஊர் திரும்பினோம்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், முடிவு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். போனைத் திறந்தேன். எண்பத்தேழு. எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குடத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிட்டார். சந்துனியிடமிருந்தும் செய்தி வந்தது. எழுபத்தொன்பது. கூடவே, "உன் அம்மாவுக்கு நன்றி, ஆனால் இனிமேல் அவரோடு ரயில் ஏற மாட்டேன்" என்று.

இல்லத்துக்கு மின்னஞ்சல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவில்லை. போனை எடுத்து நேராகக் கூப்பிட்டேன். தாள் இல்லை, குறிப்பு இல்லை. இல்லத்தின் தலைவி எடுத்தார். சான்றிதழ் வந்துவிட்டது என்றேன். எப்போது வர முடியும் என்று கேட்டார். விசா வந்த மறுவாரம் என்றேன். அவர் சொன்ன அறை எத்தனையாவது மாடி என்று நான் கேட்டேன், வேலை நேரம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை சமையலறையை உபயோகிக்கலாமா என்று கேட்டேன். இரவுப் பணி முதல் மாதம் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அவர் சரி என்றார். பதினைந்து நிமிஷம் பேசினோம். போனை வைத்தபோது வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது.

எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் செல்வி அக்கா, அவர் வீட்டுக்காரர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை, திருநெல்வேலிப் பக்கம், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "ஏக்கா, பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் ஒத்தையிலயா அனுப்பப் போறீங்க? தொணைக்கு யாரு போறா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் குடத்தைத் தூக்கி வரிசையில் வைத்தாள்.

"தொணையா? எதுக்கு? தனியாத்தான் போறா. வழியில யாருனா தொலைஞ்சு நின்னா, அவளே கூட்டிகினு போவா."